புங்கமரத்துக் காகம் தலையில் அடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி சொல்லுங்கள்

சுமதி_மடிப்பாக்கம் | மே 14, காலை 9:20

எங்கள் குடியிருப்பில் 12 வீடுகள். கேட்டை ஒட்டி ஒரு பெரிய புங்கமரம், அதில் இரண்டாம் மாடி உயரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது. ஏப்ரல் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரத்திலிருந்து கேட்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருக்கும் இருபதடியைக் கடப்பது பெரும்பாடாகிவிட்டது. சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வந்து தலையில் அடித்துவிட்டுப் போகிறது. வாட்ச்மேன் அண்ணாவுக்கு உச்சந்தலையில் ரத்தமே வந்துவிட்டது. என் மாமியாருக்கு அடி லேசுதான். ஆனால் காகம் தலையில் தட்டினால் சனி பிடிக்கும் என்று நான்கு நாளாகக் கீழே இறங்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் கூட்டை இறக்குவது என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் முடிவாகியிருக்கிறது. எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கூடு தெரியும். மூன்று குஞ்சுகள். தாய்க் காகம் வந்து உட்கார்ந்ததும் மூன்று வாயும் சிவப்பாகத் திறக்கும். என் மகள் தினமும் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்க்கிறாள். கூட்டைக் கலைக்காமல் சமாளிக்க வழி இருக்கிறதா? இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் குழுவில் சொல்லியாக வேண்டும்.

பறவைநோக்கி | மே 14, காலை 10:45

சுமதி மேடம், வழி இருக்கிறது. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கருப்பு என்றால் அண்டங்காக்கை. நீங்கள் சொல்கிற இடத்தைப் பார்த்தால் வீட்டுக் காகமாகத்தான் இருக்கும்.

குழுவில் முதலில் காலக்கணக்கைச் சொல்லுங்கள். அடைகாப்பது சுமார் 16, 17 நாள். பொரித்த பிறகு குஞ்சு கூட்டில் இருப்பது மூன்றிலிருந்து நான்கு வாரம். முட்டை இருக்கும்போது காகம் அவ்வளவாக ஆளை அடிக்காது. குஞ்சு வளர வளரத்தான் கோபம் ஏறும். கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்து, பறக்கத் தெரியாமல் தடுமாறுகிற அந்தச் சில நாள்தான் உச்சம். ஜன்னலிலிருந்து வாய் தெரிகிறது என்றால் குஞ்சு ஓரளவு வளர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வாரம், அவ்வளவுதான்.

குடைதான் முதல் வழி. விரித்த குடையைத் தாண்டி ஒரு காகம் தலையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கேட்டில் இரண்டு, படிக்கட்டுக்குக் கீழே இரண்டு என்று பழைய குடைகளை மாட்டி வையுங்கள். எடுத்தவர் மறுபக்கம் மாட்டிவிட்டுப் போகட்டும். குடை இல்லாதபோது காகத்தைப் பார்த்தபடியே நடங்கள், முகம் பார்த்து நிற்கிறவரை அது அநேகமாக அடிக்காது. கையை வீசக் கூடாது, ஓடக் கூடாது, கல் எறியவே கூடாது. மொட்டை மாடித் துணியை இருட்டிய பிறகு எடுங்கள். பொழுது சாய்ந்தால் காகம் அடங்கிவிடும்.

அப்புறம் சட்டம். முன்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், எலியோடு சேர்த்து, தீங்கு செய்யும் உயிரினமாகக் காகத்தை வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் செய்யலாம் என்கிற நிலை. 2022ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காகம்தானே என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

செயலாளர்_வேளச்சேரி | மே 14, பகல் 12:05

நானும் ஒரு குடியிருப்புச் செயலாளர், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். எங்களிடம் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காகத்துக்குப் பயந்து விலகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பதில் சொல்வது? மூன்று வாரம் பொறுங்கள் என்று எழுதுவது சுலபம். வாட்ச்மேனுக்கு ரத்தம் வந்திருக்கிறது. கூட்டை இறக்கச் சொல்கிறவர்களும் கெட்டவர்கள் இல்லை.

ஈரோடு_மணி | மே 14, பகல் 1:30

செயலாளர் ஐயா, உங்கள் கவலை புரிகிறது. நான் கூட்டைக் கலைத்தவன், அதனால் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் ஏசி வெளிப்பெட்டியின் மேல் கூடு வைத்திருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒட்டடைக் கம்பால் தள்ளிவிட்டேன். உள்ளே முட்டைதான் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு குஞ்சு கீழே விழுந்து செத்துப்போயின. கூட்டில் சுள்ளியைவிடக் கட்டுக்கம்பித் துண்டுகள்தான் அதிகம், எங்கிருந்தெல்லாம் பொறுக்கியதோ. அன்று தொடங்கி இரண்டு கோடைக்கு அந்தத் தெருவில் நான் ஹெல்மெட் இல்லாமல் நடந்ததே இல்லை. என் மனைவியை ஒன்றும் செய்யாது. என்னை மட்டும், டீக்கடை வரைக்கும் கத்திக்கொண்டே துரத்தும். சில நாளிலேயே எதிர்வீட்டு வேப்பமரத்தில் புதுக்கூடு கட்டிவிட்டது. ஆக, தொந்தரவும் தீரவில்லை, இரண்டு உயிரும் போனது. இன்றைக்கும் அந்த ஏசிப் பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

பறவைநோக்கி | மே 14, பகல் 2:10

மணி அண்ணா, அது உங்கள் முகத்தை ஞாபகம் வைத்திருந்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்பவர் 2006ல் இதைச் சோதித்துப் பார்த்தார். குகைமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, கால்வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின. வேறு முகமூடிக்கு அப்படிச் செய்யவில்லை. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன, பல வருடங்களுக்கு அது தொடர்ந்தது. அங்கே இருப்பது வேறு இனக் காகம். ஆனால் நம்மூர்க் காகமும் இதில் குறைந்ததில்லை என்று மணி அண்ணா சொல்வதிலிருந்தே தெரிகிறது.

சுமதி_மடிப்பாக்கம் | மே 14, பகல் 3:00

ரொம்ப நன்றி. சாம்பல் கழுத்துதான். ஒரு அவசரக் கேள்வி. வாட்ச்மேன் அண்ணாவை நாய்க்கடி ஊசி போடச் சொல்லி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தேவையா?

மருத்துவர்_அருள் | மே 14, பகல் 3:25

தேவையில்லை. வெறிநோய் பாலூட்டிகளுக்கு வருவது, பறவை கொத்தி வராது. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டார் என்று கேளுங்கள். நினைவில்லை என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளட்டும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் சின்னக் காயத்தையும் தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில் அடி விழுந்தால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்டிருப்பது நல்லது.

லட்சுமி_அம்மா | மே 14, மாலை 5:40

சுமதி, உன் மாமியாருக்காக இதை எழுதுகிறேன் அம்மா. எனக்கும் சின்ன வயதில் காகம் தலையில் தட்டியிருக்கிறது. என் பாட்டி தலைமுழுகச் சொல்லி, சனிக்கிழமை எள்விளக்கு ஏற்றச் சொன்னார். உன் மாமியாரும் ஏற்றட்டும், மனசு அமைதியாகும். அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். ஆனால் ஒன்றை அவரிடம் கேள். காகம் சனீஸ்வரனின் வாகனம் என்று நம்புகிறோம். அமாவாசைக்கு நம் முன்னோர் வந்து சாப்பிடுவதாக இலை போட்டுக் கூப்பிடுகிறோம். அப்படியிருக்க, அதன் குஞ்சைக் கீழே தள்ளினால் அந்தப் பாவத்துக்கு எந்த விளக்கை ஏற்றுவது?

அவரைச் சமையலறை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குஞ்சைக் காட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று அவரே சொல்லிக் கேட்டிருப்பாய்.

கதிர்_சிட்னி | மே 14, மாலை 6:15

நான் டூங்காபி பக்கம் இருக்கிறேன். எங்களுக்கு இந்தப் பிரச்சினை வருடா வருடம் வரும், காகத்தால் இல்லை, மேக்பை என்கிற கருப்பு வெள்ளைப் பறவையால். ஆகஸ்ட் தொடங்கி நவம்பர் வரை இங்கே அது குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது பூங்காவுக்குப் பூங்கா எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். தெருத்தெருவாக எங்கே அடிக்கிறது என்று மக்களே வரைபடத்தில் குறித்து வைக்கும் இணையதளமும் உண்டு.

பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் டாரில் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். அடிப்பது அநேகமாக ஆண் பறவைதான், அதிலும் பத்தில் ஒன்றுதான். பெண் அடைகாத்துக்கொண்டிருக்கும், ஆண் காவல். சில பறவைகளுக்கு நடந்து போகிறவர்கள்மேல் கோபம், சிலவற்றுக்குச் சைக்கிள்காரர்கள்மேல், சிலவற்றுக்குத் தபால்காரர்மேல் மட்டும். தெரிந்த முகத்தை அடிப்பதில்லை. அதே பறவை அதே இடத்தில் வருடக்கணக்காக வாழ்வதால் அந்தத் தெருவாசிகளை அதற்குத் தெரியும். இங்கே அது பாதுகாக்கப்பட்ட பறவை, தொடக் கூடாது. ரொம்ப மூர்க்கமான ஒன்றிரண்டை மட்டும் அதிகாரிகள் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

செயலாளர் ஐயா சொன்ன கவலை உண்மையானது. 2019ல் ஊலாங்காங் பக்கத்தில் 76 வயது சைக்கிள்காரர் ஒருவர் மேக்பைக்கு விலகப் போய்ப் பாதையைவிட்டு இறங்கி, வேலிக் கம்பத்தில் மோதி இறந்தார். 2021ல் பிரிஸ்பேனில் கைக்குழந்தையோடு நடந்த தாய் பறவைக்குத் தப்பக் குனியும்போது தடுமாறி விழுந்து, குழந்தை இறந்துபோனது. அந்தச் செய்தியைப் படித்த நாளை நான் மறக்கவில்லை, என் மகளுக்கு அப்போது ஒரு வயது. இரண்டிலும் உயிரை எடுத்தது அலகு இல்லை, பதற்றத்தில் விழுந்ததுதான். அதனால் உங்கள் குடியிருப்பில் செய்ய வேண்டிய முதல் வேலை, வழியில் கிடக்கும் பூத்தொட்டி, குழாய், வண்டி எல்லாவற்றையும் ஓரம் கட்டுவது. பெரியவர்களுக்குக் கையைப் பிடித்து நடக்க ஒரு ஆள். இருசக்கர வண்டியைக் கேட்டிலிருந்து தள்ளிக்கொண்டு வாருங்கள், ஓட்டிக்கொண்டு வர வேண்டாம்.

தொப்பியின் பின்பக்கம் பெரிய கண் வரைவதும், ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை (கேபிள் டை) முள்முள்ளாக நிறுத்துவதும் இங்கே வழக்கம். நான் இரண்டும் செய்து பார்த்தேன். அடிப்பது கொஞ்சம் தள்ளிப் போகிறதே தவிர நிற்கவில்லை. சைக்கிளைவிட்டு இறங்கி நடந்தபோதுதான் நின்றது.

தஞ்சை_விவசாயி | மே 14, இரவு 8:50

எங்கள் பக்கம் ஆள்காட்டிக் குருவி இப்படித்தான். வெறும் தரையில் நான்கு முட்டையை மண்ணோடு மண்ணாக இட்டு வைக்கும், பக்கத்தில் போனால் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தும். டிராக்டரையே எதிர்த்து நிற்கும். உழும்போது அது கத்துகிற இடத்தைப் பார்த்து ஒரு குச்சியை நட்டு, ஒரு பாய் அளவு இடத்தை விட்டுவிட்டு உழுவோம். அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். குஞ்சு பொரித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து ஓடிவிடும், அப்புறம் அந்த இடத்தையும் உழலாம்.

சிங்கை_நிலா | மே 14, இரவு 10:30

சிங்கப்பூரில் வீட்டுக் காகம் வெளியிலிருந்து வந்த பறவை, அதனால் இங்கே நிலைமையே வேறு. 1890களில் காபித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவந்தார்களாம். தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் போன அதே வழி. அங்கிருந்து இங்கே பரவியது. 2023ல் பீஷானில் நடந்து போகிறவர்களையெல்லாம் காகங்கள் தாக்கி, தேசியப் பூங்காக் கழகம் பொறி வைத்துப் பிடித்தது. இங்கே கூட்டை அதிகாரிகளே அகற்றுவார்கள். குப்பைத்தொட்டியை மூடி வைக்கச் சொல்லி ஓயாமல் சொல்கிறார்கள், சாப்பாடு கிடைக்கிற இடத்தில்தான் காகம் பெருகும் என்று. உங்கள் கேட் பக்கத்தில் குப்பை கிடக்கிறதா சுமதி?

சுமதி_மடிப்பாக்கம் | மே 17, காலை 7:30

நிலா அக்கா, உங்கள் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. இரண்டு நாளாக ஜன்னலில் நின்று யாரை அடிக்கிறது என்று எழுதி வைத்தேன். மகளும் சேர்ந்துகொண்டாள். பால்காரரை அடிக்கவில்லை. மூன்றாம் வீட்டு அங்கிள் தினமும் அரிசி வைக்கிறவர், அவரையும் அடிக்கவில்லை. அதிகம் அடிவாங்கியது வாட்ச்மேன் அண்ணாவும், வீடு வீடாகக் குப்பை எடுக்க வரும் அக்காவும். இருவர் கையிலும் தொங்கியது கருப்புக் குப்பைக் கவர். என் மாமியார் அன்று கொண்டுபோனதும் கருப்புத் துணிப்பை!

பறவைநோக்கி | மே 17, காலை 8:05

அருமையான கவனிப்பு மேடம். கையில் தொங்கும் கருப்புப் பொருள் காகத்தின் கண்ணுக்குச் செத்த காகம் மாதிரி. 1973ல் நோபல் பரிசு வாங்கிய கொன்ராட் லோரன்ஸ் காக்கை இனத்தைச் சேர்ந்த ஜாக்டா பறவைகளை வளர்த்தவர். ஒருமுறை அவர் பையிலிருந்து நனைந்த கருப்பு நீச்சலுடையை எடுத்ததும், அவர் வளர்த்த பறவைகளே அவரைச் சூழ்ந்து கொத்தின. ஒரு காகம் செத்தால் ஊர்க் காகமெல்லாம் கூடிக் கத்துவதை நாம் பார்த்ததுதானே. இன்றே கவரை மாற்றச் சொல்லுங்கள். வேறு எந்த நிறமும் பரவாயில்லை.

சுமதி_மடிப்பாக்கம் | மே 19, காலை 6:50

நேற்று கூட்டம் நடந்தது. இந்த இழையில் வந்ததைப் பிரிண்ட் எடுத்துப் படித்துக் காட்டினேன். மணி அண்ணா எழுதியதைப் படித்தபோது யாரும் பேசவில்லை. ஜூன் 8 வரை கூட்டைத் தொடுவதில்லை, பள்ளி திறந்த பிறகும் அடித்தால் மறுபடி பேசுவது என்று முடிவு. குடை நான்கு மாட்டியாயிற்று. பச்சைக் கவர் வந்தாயிற்று. வழியை வாட்ச்மேன் அண்ணா காலி செய்துவிட்டார். அடி முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன், நேற்றும் மாடி வீட்டுப் பையனை ஒருமுறை உரசியது. ஆனால் முன்பு நாளுக்கு ஏழெட்டு, இப்போது ஒன்று.

லட்சுமி அம்மா, மாமியாரை ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒண்ணுக்கு மட்டும் தீனி சரியாப் போகல" என்றார். அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார்.

செயலாளர்_வேளச்சேரி | மே 19, காலை 9:00

கையைப் பிடித்து நடக்க ஆள், வழியைக் காலி செய்வது, இரண்டையும் நானும் குறித்துக்கொண்டேன். எங்கள் வளாகத்திலும் கருப்புக் கவர்தான்.

சுமதி_மடிப்பாக்கம் | மே 27, மாலை 4:40

அவசரம். ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. வால் குட்டையாக இருக்கிறது, தத்துகிறது, பறக்க முடியவில்லை. இரண்டு காகமும் யாரையும் கிட்டே விடவில்லை. பூனை வேறு சுற்றுகிறது. பால் கொடுக்கலாமா?

பறவைநோக்கி | மே 27, மாலை 4:46

பால் கூடவே கூடாது, சோறு திணிக்கவும் வேண்டாம். அடியில் ஓட்டை இருக்கும் பிளாஸ்டிக் காய்கறிக்கூடை, உள்ளே காய்ந்த இலை. ஒருவர் குடை பிடிக்கட்டும், இன்னொருவர் துண்டால் குஞ்சை மூடித் தூக்கிக் கூடையில் வைத்து, கை எட்டுகிற உயரத்தில் கிளையில் கட்டிவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை, அது குஞ்சின் குரலுக்குத்தான் வரும். கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போய்விடுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ மட்டும் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸுக்குக் கூப்பிடுங்கள்.

சுமதி_மடிப்பாக்கம் | மே 27, மாலை 6:20

கட்டியாயிற்று. வாட்ச்மேன் அண்ணாதான் தூக்கினார். குடையைத் தாண்டி அவர் தோளில் இரண்டு அடி விழுந்தது, அப்படியும் கையை விடவில்லை. இருபது நிமிஷம் கழித்துத் தாய் வந்து கூடையின் விளிம்பில் உட்கார்ந்து ஊட்டியது. மாமியார் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை.

ஈரோடு_மணி | மே 27, இரவு 9:15

அந்த அண்ணாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சுமதி_மடிப்பாக்கம் | ஜூன் 6, காலை 7:10

மூன்றும் பறந்துவிட்டன. கூடையில் இருந்த குஞ்சு இரண்டு நாளில் பக்கத்துக் கிளைக்கு ஏறிவிட்டது. நான்கு நாளாக யாருக்கும் அடி இல்லை. ஒரு சந்தேகம். ஒரு குஞ்சு மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, குரலும் வேறு. ஆனால் காகம் அதற்குத்தான் அதிகம் ஊட்டுகிறது.

பறவைநோக்கி | ஜூன் 6, காலை 7:55

அது குயில் குஞ்சு மேடம். ஆண் குயில் காகத்தைச் சீண்டி வெளியே இழுத்துப்போக, பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிடும். காகத்தின் முட்டைக்கு முன்னாலேயே அது பொரித்துவிடுவதால் தீனியில் முந்திக்கொள்ளும். உங்கள் மாமியார் ஒன்றுக்குத் தீனி சரியாகப் போகவில்லை என்றாரே, இதுதான் காரணமாக இருக்கும். நீங்கள் காப்பாற்றியதில் ஒரு குயிலும் உண்டு. கிளையைக் கழிப்பதென்றால் மழைக்காலம் முடிந்து, டிசம்பர் ஜனவரியில் கூடு எதுவும் இல்லாதபோது கழித்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு நேர் மேலே இருக்கும் அந்தக் கவை இல்லையென்றால், அடுத்த வருடம் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டும்.

சுமதி_மடிப்பாக்கம் | ஜூன் 6, காலை 8:20

சரி சார், ஜனவரியில் ஞாபகப்படுத்துங்கள். காய்கறிக்கூடையைக் கழற்றட்டுமா என்று வாட்ச்மேன் அண்ணா கேட்டார். மாமியார்தான் இந்த மாசம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.